இரண்டு கேமராவில் ஒரு முகம்

கேமராக் கடையில் அவருக்கு ஆனால்காரர் என்று பெயர். எந்தக் கேமராவைக் கேட்டாலும் முதலில் அதை வானளாவப் புகழ்வார். வந்தவர் முகம் மலர்ந்து, சரி இதையே கொடுங்கள் என்று வாயெடுக்கும் நேரம் பார்த்து "ஆனா..." என்று இழுப்பார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் திறந்த ரசீதுப் புத்தகத்தை மூடிவைப்பார்.

"இதுல ஃபோகஸ் அபாரம் சார். குழந்தை தலைதெறிக்க ஓடினாலும் அது கண்ணை விடாது. ஆனா, காலைலேர்ந்து மாட்டிக்கிட்டு அலைஞ்சா சாயங்காலம் கழுத்து உங்களுது இல்ல."

"அப்ப அந்தச் சின்னது?"

"கைக்கு அடக்கம். வெயில்ல எடுத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே சொல்ல முடியாது. ஆனா உள்ள வெளிச்சத்தை வாங்கற சென்சார் சின்னது. மங்கலான ரூம்ல எடுத்தீங்கன்னா படம் பூரா மணல் தூவின மாதிரி இருக்கும்."

"சரி, பழைய மாதிரி, உள்ளுக்குள்ள கண்ணாடி வெச்சதே வாங்கிடறேன்."

"தாராளமா. பேட்டரி ரெண்டு நாள் தாங்கும். ஆனா அதுக்குப் புது லென்ஸ் பண்றதை ஒவ்வொரு கம்பெனியா நிறுத்திக்கிட்டு வர்றாங்க."

வந்தவருக்குத் தலை சுற்றும். அப்போதுதான் ஆனால்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு தன் பிரசித்தி பெற்ற வாக்கியத்தைச் சொல்வார். "கேமரா வாங்கறது கல்யாணம் மாதிரி சார். உடம்பை மட்டும் பாத்து முடிவு பண்ணக் கூடாது. கூட வர்ற லென்ஸ் குடும்பத்தையும் பாக்கணும். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி உடம்புல பூட்டாது. பின்னாடி மாறணும்னா எல்லாத்தையும் வித்துட்டுத்தான் மாறணும்."

இப்படிப் பேசுகிற ஒருவரை முதலாளி ஏன் வைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்கலாம். குழம்பிப் போனவர்கள் மூன்றாம் முறை திரும்பி வந்து அவரிடமே வாங்கினார்கள், வாங்கியவர்கள் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் காரணம். ஊரில் படம் எடுத்துப் பிழைப்பவர்கள் பாதிப் பேர் அவர் கைகாட்டிய கேமராவில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் மட்டும் சொந்தமாகக் கேமரா கிடையாது.

வாங்கக் கூடாது என்பதில்லை. ஒவ்வொரு வருடமும் வாங்கத்தான் நினைத்தார். ஒவ்வொரு வருடமும் அடுத்த மாடல் வரப்போவதாகச் செய்தி வந்தது. இதில் கை ஆடினாலும் படம் ஆடாது, ஆனால் படம் பதிகிற கார்டு போட ஒரே ஓர் இடம்தான். அதில் இரண்டு கார்டு போடலாம், ஒன்று கெட்டாலும் மற்றதில் படம் இருக்கும், ஆனால் பின்புறத் திரை திரும்பாது. அடுத்தவருக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிற தீர்ப்பைத் தனக்கென்று வரும்போது அவரால் சொல்ல முடியவில்லை.

அவருடைய மனைவி இதற்கு நேர் எதிர். திரைச்சீலை தைக்கும் கடையில் அளவெடுத்துத் தைப்பது அவள் வேலை. பத்துத் துணியைப் பரப்பிவைத்துக்கொண்டு விழிக்கிற வாடிக்கையாளரிடம் ஒன்றை உருவி, "இதுதான். மடிச்சு வெச்சுடறேன்," என்பாள். நின்று யோசிக்கவிட மாட்டாள். அவர்கள் சந்தித்ததே அப்படித்தான். கேமராக் கடையின் பின்னறைக்குத் திரை போட அளவெடுக்க வந்தவள், சாம்பலா நீலமா என்று இவரைக் கேட்டாள். இவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோதே சாம்பல் துணியைக் கத்தரித்துவிட்டாள்.

கல்யாணப் பேச்சும் அதே கத்தரியில்தான் முடிந்தது. "நான் முடிவு பண்ணிட்டேன். நீங்க யோசிச்சு முடிச்சதும் வந்து சொல்லுங்க," என்றாள். அவர் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்கவும் செய்தாள். பெண் பிறந்தாள், வளர்ந்தாள், வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். சண்டை சச்சரவு இல்லாத வீடு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிற வீடு.

அந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆனால்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கேமரா வைத்த போன் முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாள், மனைவி ஆசையாகத் தன்னைத் தானே ஒரு படம் எடுத்து அவரிடம் நீட்டினாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவரா இவர்?

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போன் லென்ஸ் அகலம். கிட்ட வெச்சு எடுத்தா மூக்கு பெருசாத் தெரியும். முகத்துக்குன்னா கொஞ்சம் நீளமான லென்ஸ் போட்டு, தள்ளி நின்னு எடுக்கணும்."

தன் மூக்கைப் பற்றி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. அது அன்றைக்கு உறுதியாகிவிட்டது. "அப்ப நல்ல கேமரா வாங்கினதும் நீங்க எடுங்க. அதுவரைக்கும் எவரும் என்னை எடுக்க வேணாம்," என்றாள். சொன்னால் சொன்னதுதான். அதன்பின் யார் போனை உயர்த்தினாலும் அவள் உள்ளங்கை முகத்துக்கு முன்னால் வந்துவிடும். மகளின் போனில் அம்மா இருக்கிற படங்கள் நிறைய உண்டு, எல்லாவற்றிலும் விரல்கள்தான். கல்யாணப் படம் இருந்தது. அதில் இருந்தது மகளுக்குத் தெரியாத ஓர் இளம்பெண். அடையாள அட்டைப் படத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு யாரையோ திட்டப்போகிற மாதிரி இருந்தாள்.

அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தபோது அது முற்றிப்போயிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும், மருந்து கடுமையானது, முகம் உப்பிவிடும், முடி கொட்டும், பிழைப்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி முடிவு பண்ணிவிட்டாள்.

"ஏங்க, திங்கட்கிழமைக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுத்துடுங்க. நல்லதா ஒண்ணு. நம்ம பொண்ணுக்கு வேணும்."

"போன்லயே..."

"போன்ல வேணாம். இத்தனை வருஷம் எதுக்குக் காத்திருந்தேன்?"

மறுநாள் அவர் கடைக்குப் போய் வாடிக்கையாளர்களை விட்டுவிட்டுத் தனக்காக ஒப்பிட ஆரம்பித்தார். கடைசியில் போட்டி இரண்டுக்குள் வந்து நின்றது. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். கறுப்பில் தோலின் நிறம் உள்ளது உள்ளபடி வரும். சாம்பலில் லேசாகச் சிவப்பு தூக்கும். ஆனால் சாம்பலில் கண்ணைத் தேடிப் பிடிக்கிற வேகம் கறுப்புக்கு வராது. உடம்பு முடியாதவள், ரொம்ப நேரம் அசையாமல் உட்கார முடியாது, அப்போது வேகம் முக்கியமா? நோயில் வெளுத்திருப்பாள், அப்போது நிறம் முக்கியமா? வெள்ளிக்கிழமை இதிலேயே போயிற்று. சனிக்கிழமையும் போயிற்று.

கடை அடைக்கிற நேரத்தில் முதலாளிக்கே பொறுக்கவில்லை. "யோவ், ரெண்டையும் எடுத்துட்டுப் போய்யா. படம் எடுத்துட்டுத் திங்கட்கிழமை கொண்டுவந்து வை," என்று காட்சிப் பெட்டியின் சாவியை அவர் கையில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கத்தரிப்பூ நிற உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தானே தைத்த வெள்ளைத் திரையைப் பாதி இழுத்துவிட்டு வெளிச்சத்தைத் தானே சரிசெய்தாள். மேசையில் இரண்டு கேமராக்களைப் பார்த்ததும் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"ஒரு மூஞ்சிக்கு ரெண்டா?"

"ரெண்டுலயும் எடுத்துப் பாத்துடலாம். எது நல்லா வருதோ..."

"எடுங்க, எடுங்க. நாளைக்குள்ள முடிச்சா சரி."

கறுப்பில் எடுத்தார், சாம்பலில் எடுத்தார், லென்ஸை மாற்றிப் போட்டு மறுபடியும் எடுத்தார். ஒவ்வொரு முறை அமுக்கியதும் படம் பின்புறத் திரையில் சில நொடி வந்து நிற்கும். உடனே கேமராவைத் திருப்பி அவளிடம் காட்டுவார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றைப் பார்த்து, "பரவால்ல, என் மூக்கு மூக்கு மாதிரியே இருக்கு," என்றாள். பிறகு களைத்துப்போய்ப் படுத்துவிட்டாள். அவர் இரண்டையும் அணைத்துப் பையில் வைத்தார். சின்னத் திரையில் பார்த்துப் படத்தை எடைபோடக் கூடாது என்பது அவர் ஊருக்கெல்லாம் சொல்கிற பாடம். கடைக் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் மகளுக்குப் போன் செய்து, "உங்கப்பா கடைசில எடுத்துட்டார்டி. உலக அதிசயம்," என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து ஏற ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு அவர் கடைக்கு வந்தார். கறுப்புக் கேமராவின் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கதவைக் கார்டை எடுப்பதற்காகத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த இரண்டாவது இடமும் காலி. சாம்பலைத் திறந்தார். அதிலும் இரண்டு இடம், அதிலும் ஒன்றுமில்லை.

தொழில் பழக்கம் இருக்கிறதே, அதைவிடப் பொல்லாதது ஒன்று கிடையாது. அந்தக் கடையில் காட்சிக்கு வைத்திருக்கிற எந்தக் கேமராவிலும் கார்டு போட மாட்டார்கள். போட்டு வைத்த கார்டுகள் யார் யார் சட்டைப் பையிலோ போய்ச் சேர்ந்ததால் முதலாளி போட்ட சட்டம் அது. வந்தவர்கள் அமுக்கிப் பார்க்க வேண்டுமே என்பதற்காக, கார்டு இல்லாவிட்டாலும் ஷட்டர் விழும்படி ஒவ்வொரு கேமராவையும் மாற்றிவைத்தவர் இவரே. அமுக்கினால் படம் திரையில் தெரியும். பிறகு எங்கும் இருக்காது. கார்டு இல்லை என்று ஓரத்தில் சின்ன எழுத்து வரும். வருடக்கணக்காக அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது. புதிதாகக் கேமரா பிடிக்கிற ஒருவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். அவன் கேமராவில் ஷட்டரே விழுந்திருக்காது.

பின்னறையில் ரிப்பேர் பார்க்கிறவரிடம் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார். அவசரத்தில் ஒன்று மேசையில் இடித்தது.

"உள்ள ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்குமாப்பா? எந்த மூலையிலயாவது?"

ரிப்பேர்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அணைச்சப்பவே போயிருக்கும்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். அன்றைக்கு அவர் கடையில் அழுததை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கிட்டே போகவில்லை.

உள்ளதைச் சொல்லிவிட்டு மறுபடியும் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு, கார்டு போட்ட கேமராவோடுதான் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. அவள் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தாள். பையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"படத்தைப் பாத்தீங்களா? நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு," என்றார். அடுத்து அவர் ஆனால் என்று சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க வேண்டாத இடத்திலெல்லாம் வந்து நின்ற சொல் அது. அவள் கண்ணில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் அது வரவில்லை.

"எதைப் பெருசாப் போடலாம்?"

"ரெண்டு மூணு நல்லா இருக்கு. கறுப்புல எடுத்ததுல நிறம் நல்லா வந்திருக்கு. சாம்பல்ல கண்ணு ஊசி முனை மாதிரி ஃபோகஸ்..."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டீங்களா? நான் சிரிச்சுக்கிட்டே ஜன்னல் பக்கம் திரும்பினேனே, அதைப் போடுங்க. அதுல நான் நல்லா இருந்தேன்." அவ்வளவுதான். அவள் துணியை உருவி மடித்து வைத்துவிட்டாள்.

பையைத் திறக்காமலே அவர் வீட்டுக்கு வந்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் போனார். அதற்குள் கன்னம் உப்பி, கண் உள்ளே போய், கழுத்து எது தாடை எது என்று தெரியாமல் ஆகிவிட்டது. ஒரு நாள் துணிந்து, "இப்பவும் ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் பழையபடி உள்ளங்கையை உயர்த்தக்கூடத் தெம்பில்லாமல், "இந்த மூஞ்சி எதுக்கு? அதான் இருக்கே," என்றாள்.

மகள் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். அவளிடமும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். "இப்ப இருக்கற என் மூஞ்சிய நீ மனசுல வெச்சுக்காத. அப்பாகிட்ட படம் இருக்கு. அதைப் பாத்துக்கோ." மகள் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பெரும்பாலும் அம்மாவின் கையைப் பார்த்தே பேசினாள், கையைத் தடவிக்கொண்டே தூங்கினாள். இதையெல்லாம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் அம்மாவின் முகத்தை, உப்பியிருந்தாலும், கண்ணாரப் பார்த்திருப்பாள். அவர் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம் இருக்கிறது. இதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

ஒரு முற்பகலில் அவள் போய்விட்டாள். வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு காலியானதும் மகள் படத்தைக் கேட்டாள். "பிரிண்ட் ஆகுதும்மா," என்றார். அடுத்த வாரம் விடுதியிலிருந்து போனில் கேட்டாள். "பெருசாப் போடறதுன்னா நேரமாகும்," என்றார். அதற்கடுத்த முறை கேட்டபோது ஒரு நல்ல தாளைப் பற்றியும் இன்னொரு நல்ல தாளைப் பற்றியும் நீளமாகப் பேசினார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், கடைக்கு வாங்க ஆள் வராத நேரத்தில், தோளில் பையோடு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"பிரிண்ட் வேணாம்ப்பா. படத்தை என் போனுக்கு அனுப்புங்க. நான் போட்டுக்கறேன்."

அவர் சாவியை எடுத்து, காட்சிப் பெட்டியைத் திறந்து, கறுப்பையும் சாம்பலையும் அவள் முன்னால் வைத்தார். வாடிக்கையாளருக்குக் காட்டுவது போலவே ஒவ்வொன்றின் சின்னக் கதவையும் திறந்து காட்டினார். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

மகள் காலியாக இருந்த இடங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்காவது சொல்லியிருக்கலாமேப்பா. நான் பாத்திருப்பேனே. நான் அவங்க மூஞ்சியப் பாக்கவே இல்லப்பா."

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றினாள்.

"சரி, போனது போகட்டும். நீங்க பாத்தீங்கல்ல? அந்தப் படத்துல அம்மா எப்படி இருந்தாங்க? சொல்லுங்க. அது போதும்."

அவர் நிமிர்ந்தார். சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. "கறுப்புல எடுத்ததுல நிறம் அப்படியே இருந்துச்சும்மா. சாம்பல்ல நான் நெனச்ச மாதிரியே கொஞ்சம் சிவப்பு தூக்கல். ஆனா ஃபோகஸ் காட்டற அந்தப் பச்சைக் கட்டம் இடது கண்ணுல போய் உக்காந்தது, அசையவே இல்ல. ஜன்னல் திரை ஓரத்துல வெளிச்சம் கொஞ்சம் வெளுத்துச்சு, அதனால நான்..."

"கேமராவைக் கேக்கலப்பா. அம்மாவக் கேக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் வந்தது. வெள்ளைத் திரை வந்தது, அதன் மடிப்புகள் கூட வந்தன. பச்சைக் கட்டம் வந்தது, அதன் கீழே ஓடிய எண்கள் வந்தன. கட்டத்துக்குள் ஒரு கண்ணின் இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்தக் கண்ணைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய முகத்தை எவ்வளவு தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் இரண்டு கேமராக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாங்களாப்பா?"

"சிரிச்சேன்னு உங்க அம்மாதான் சொன்னா," என்றார்.